மூழ்கிய சம்பாவை எழுப்புவதும், எழாவிட்டால் மறுபடி விதைப்பதும்: புதிதாகப் பயிர் வைப்பவர்களுக்கு

காவிரிப் படுகையில் புதிதாகச் சாகுபடிக்கு இறங்குபவருக்கு நாற்றங்கால் விடுவதிலிருந்து களத்தில் நெல்லைத் தூற்றுவதுவரை சொல்லித்தர ஊரில் ஆள் உண்டு. ஐப்பசியிலோ கார்த்திகையிலோ இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில், நட்டு ஒரு மாதமான வயல் வரப்பு தெரியாமல் ஏரியாகி நிற்கும்போதுதான் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஒருவர் உடனே உழுதுவிடச் சொல்வார். இன்னொருவர் யூரியாவை வீசச் சொல்வார். மூன்றாமவர் நிவாரணம் வரும், பேசாமல் இரு என்பார். பட்டணத்து வேலையை விட்டுவிட்டு அப்பாவின் நிலத்தைக் கையில் எடுத்தவர்களும், கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து முதல் போகம் வைப்பவர்களும் அந்த நாட்களில் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் சொந்தப் பொறுப்பில் சாகுபடி செய்த முதல் ஆண்டில், திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலத்தில் நட்டிருந்த சம்பா ஐந்து நாள் மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்த மறுநாள், பழுத்துச் சேற்றோடு படுத்திருந்த பயிரைப் பார்த்து மனம் விட்டுப்போய், டிராக்டருக்குச் சொல்லி உழுதுவிட்டேன். அடுத்த வரப்பில் பெரியப்பா அதே வாரத்தில் நட்ட அதே ரகத்தை உழாமல் விட்டுவைத்தார். பத்தாம் நாள் அதில் பச்சை தெரிந்தது. தை கடைசியில் அறுப்பும் நடந்தது. நான் அலைந்து வாங்கி மறுபடி விதைத்த குறுகிய வயது ரகம், ஆற்றில் தண்ணீர் நின்றபின் மாசி வெயிலில் கதிர் வெளிவரும் நேரத்தில் காய்ந்தது. அந்த ஆண்டு எனக்கு நட்டம் தந்தது மழையைவிட என் அவசரம்தான்.

மழைக்கு முன்பே செய்ய வேண்டியவை

முதலில் உங்கள் நிலத்தின் தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதைப் புரட்டாசிக்குள் நடந்து பாருங்கள். வயல் மடையில் தொடங்கி, வடிகால் வாய்க்கால் எந்த ஆற்றில் போய் விழுகிறதோ அதுவரை நடக்க வேண்டும். வெண்ணாற்றுப் பகுதியில் மேலே பாசனத்துக்கு உதவும் ஆறே கீழே போகப்போக வடிகாலாகவும் ஆகிவிடுகிறது. கீழ்வேளூர், தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடையிலோ, கடலில் ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் முகத்துவாரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே உங்கள் வயல் ஒரே நாளில் வடியுமா, ஒரு வாரம் ஆகுமா என்பது பெரும்பாலும் மழைக்கு முன்பே தீர்மானமாகிவிட்ட விஷயம். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டிருக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அரசுத் தூர்வாரலுக்குக் காத்திராமல், அதே வாய்க்காலில் வடிக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து அரை நாள் ஆள் விட்டு அகற்றிவிடுவது நல்லது. இந்தச் செலவைப் புதியவர்கள் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன்.

அடுத்தது ரகம். பள்ளக்கால் வயலாக இருந்தால் சி.ஆர். 1009 சப்-1 போன்ற மூழ்கல் தாங்கும் ரகத்தை வையுங்கள். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய ரகத்தில் கண்டறியப்பட்ட சப்-1 மரபணு, கலப்பின் மூலம் சி.ஆர். 1009-க்குள் கொண்டுவரப்பட்டிருக்கிறது. சாதாரண நெற்பயிர் தண்ணீருக்குள் அகப்பட்டதும், மேலே காற்றைத் தொட்டுவிடலாம் என்று தன்னிடமிருக்கும் சர்க்கரையை எல்லாம் செலவழித்து இலையை நீட்டும். நீட்டி நீட்டிச் சக்தி தீர்ந்தபின், தண்ணீர் வடிந்ததும் நிற்க வலுவின்றிச் சாய்ந்து அழுகும். இந்த மரபணு உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சும்மா இருக்கும். ஏறக்குறைய இரண்டு வாரம்வரை அப்படிக் கிடந்து, வெளிச்சம் பட்டபின் மிச்சம் வைத்த சர்க்கரையைக் கொண்டு புதுக்குருத்து விடும். இந்தக் குணம் பயிர் தூர் கட்டும் பருவத்துக்குள் மூழ்கினால்தான் உதவும். பூக்கும் நேரத்தில் மூழ்கினால் எந்த ரகமானாலும் பதர்தான். நாட்டு ரகம் வைக்க விரும்புபவர்கள் மடுமுழுங்கி, காட்டுயானம் போன்றவற்றை விசாரிக்கலாம். காட்டுயானம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து தண்ணீரைத் தாண்டி நிற்கும் வகை, ஆனால் அதன் வயதும் நீளம்.

நடவு முடிந்ததும் மிச்ச நாற்றை மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். நாற்றங்காலின் ஒரு ஓரத்தில் இரண்டு மூன்று பாத்தி நாற்றைப் பறிக்காமல் விட்டுவைக்க வேண்டும். மேட்டு வயலாக இருந்தால் இன்னும் நல்லது. அதோடு ஏக்கருக்கு ஒரு 30 கிலோ மூட்டை குறுகிய வயது விதையை வாங்கிப் பரணில் வைத்துவிடுங்கள். வெள்ளம் வந்தபின் எல்லோரும் ஒரே நாளில் விதைக்குப் போவார்கள். அன்று கடைக்காரர் எடுத்துத் தருவதுதான் ரகம், அவர் சொல்வதுதான் முளைப்புத்திறன். அந்த ஆண்டு வெள்ளம் வராமல் போனால், விதைநெல்லை அரைத்துச் சாப்பிட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். விதைக்கு மருந்து ஏற்றியிருக்கும். முளைப்புப் பார்த்து அடுத்த குறுவைக்குப் பயன்படுத்தலாம்.

பயிர்க் காப்பீட்டை நடவுக் கையோடு முடித்துவிட வேண்டும். டெல்டா மாவட்டங்களில் சம்பா, தாளடிக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாளாக அறிவிக்கப்படுகிறது. சில ஆண்டுகளில் நீட்டிப்பார்கள், அதை நம்பி இருக்கக் கூடாது. 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற பதிவு) அல்லது விதைப்புச் சான்று, வங்கிப் புத்தகம், ஆதார் ஆகியவற்றோடு பொதுச் சேவை மையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கட்டலாம். குத்தகைக்காரர்கள் அடங்கல் யார் பெயரில் வருகிறது என்பதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நிலத்துக்காரர் சென்னையில் இருக்கும்போது அக்டோபர் கடைசியில் அவரைத் தேடிக்கொண்டிருப்பது எங்கள் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் கூத்து. இன்னொன்றையும் தெரிந்துகொண்டு கட்டுங்கள்: மகசூல் இழப்பு ஊர் அளவில் நடக்கும் பயிர் அறுவடைச் சோதனையின் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது, உங்கள் வயல் மட்டும் போய், ஊர் விளைந்திருந்தால் பணம் வராமல் போகலாம்.

தண்ணீர் நிற்கும்போது

வயலில் தண்ணீர் நிற்கும் நாட்களில் செய்யக்கூடியது குறைவுதான். வெளியே வாய்க்கால் மட்டம் வயலைவிட உயர்ந்திருந்தால் ஆயில் இன்ஜின் வைத்து இறைப்பதில் பயனில்லை. இறைத்தது வரப்பு வழியே திரும்பி வரும், டீசல்தான் தீரும். நாற்றங்கால் போன்ற சிறு பரப்பைச் சுற்றி வரப்பை உயர்த்திக் கட்டிக்கொண்டு இறைத்தால் மட்டுமே பலன் உண்டு. வாய்க்கால் மட்டம் இறங்கிய நிமிடத்தில் மடையை வெட்டிவிட மண்வெட்டியோடு ஆள் தயாராக இருக்க வேண்டும்; அது பெரும்பாலும் விடிகாலையில்தான் நடக்கும்.

மூழ்கிய முதல் நாளே பயிர் மூழ்கிய தேதி, தண்ணீரின் உயரம் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மோட்டார் கொட்டகையோ மின்கம்பமோ தெரியும்படி, தினமும் ஒரே இடத்தில் நின்று கைபேசியில் படம் எடுங்கள். காப்பீடு செய்தவர்கள் 14447 என்ற எண்ணில் அழைத்து இழப்பைப் பதிவு செய்து, தரும் பதிவு எண்ணை அந்த நோட்டிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். கிராம நிர்வாக அலுவலருக்கும் உதவி வேளாண்மை அலுவலருக்கும் புல எண், பரப்பு, ரகம், நட்ட தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு மனு எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிவிடுங்கள். வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து கணக்கெடுக்கும்போது, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான பயிர்தான் அரசு நிவாரணத்துக்குரிய கணக்கில் வரும். வாயால் சொன்னதற்கு எந்த அலுவலகத்திலும் நினைவு இருப்பதில்லை.

வடிந்தபின் முதல் ஏழு நாட்கள்

இந்த ஏழு நாட்களில்தான் புதியவர்கள் கெடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் வடிந்ததும் இலை முழுவதும் வண்டல் படிந்து, பயிர் வைக்கோல் நிறத்தில் படுத்திருக்கும், நாற்றமும் அடிக்கும். அதைப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். வண்டல் கனமாக இருந்தால், தெளிப்பானில் நல்ல தண்ணீரை நிரப்பி இலைகளைக் கழுவிவிடலாம். வயலைச் சேறு தெரியும் அளவுக்கு வடித்து, வேருக்குக் காற்று கிடைக்கச் செய்ய வேண்டும். ஆனால் வெடிப்பு விழும்படி காயவிட்டால், தண்ணீருக்குள் மெலிந்துபோன இலைகள் திடீர் வெயிலில் கருகிவிடும். இந்த நாட்களில் உரம் போட வேண்டாம். வேர் செத்துக் கிடக்கும்போது வீசும் யூரியா வடிகாலுக்குத்தான் போகும்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ பயிரைச் சோதிக்க வேண்டும். பெரியப்பா எனக்குக் காட்டிய முறையை அப்படியே சொல்கிறேன். வயலின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு குத்தை வேரோடு பிடுங்கி, வாய்க்கால் தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள். வெளிப்பக்கத்து அழுகிய மட்டைகளை உரித்து எறிந்துவிட்டு, அடித்தண்டைக் கட்டைவிரல் நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே, வேர் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசி முனை அளவுக்கு ஒரு குருத்து இருக்கும். அது வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ, நகம் பட்டால் நறுக்கென்று உடையும்படி இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி, விரலில் கூழாக ஒட்டிக்கொண்டு, அழுகிய முட்டை வாடை அடித்தால் அந்தக் குத்து முடிந்துவிட்டது. கறுத்த வேர்களுக்கு நடுவே நூல்போல வெள்ளை வேர் ஒன்றிரண்டு கிளம்பியிருந்தால் இன்னும் நல்லது. பெரியப்பா பிளந்த குருத்தைப் பல்லில் கடித்தும் பார்ப்பார். அந்த அளவுக்கு நீங்கள் போக வேண்டியதில்லை.

ஏழாம் நாள் மறுபடி அதே ஐந்து இடங்களில் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்குக் கம்போ கயிறோ வைத்து, அதற்குள் இருக்கும் குத்துகளில் எத்தனைக்கு உயிர் இருக்கிறது என்று எண்ண வேண்டும். பாதிக்கு மேல் தேறினால் உழும் பேச்சே வேண்டாம். மூன்றில் ஒரு பங்குதான் தேறியது, ஆனால் வயல் முழுவதும் பரவலாக இருக்கிறது, ரகமும் நீண்ட வயது என்றால், நான் பாடுவாசி, அதாவது பயிர் செத்த காலி இடங்களை, நிரப்பிக் காப்பாற்றவே பார்ப்பேன்; 155 நாள் பயிருக்கு ஆறிக்கொள்ள நாள் இருக்கிறது. அதற்கும் கீழே போனால்தான் மறுவிதைப்பு. ஒரு பக்கம் முழுக்கச் செத்து மறுபக்கம் நன்றாக இருந்தால், குறுக்கே ஒரு வரப்புப் போட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள்.

தேறிய பயிரைத் தூக்கிவிடுதல்

நட்டு முப்பது, நாற்பது நாளுக்குள்ளான பயிர் என்றால், விட்டுவைத்த நாற்றைக் கொண்டோ, நெருக்கமாகத் தூர் கட்டிய குத்துகளைப் பிரித்தோ காலி இடங்களில் நட்டுவிடலாம். வேறு ரக நாற்றைக் கொண்டுவந்து நிரப்பினால் அறுப்பில் ஒரு பாதி பழுக்கும்போது மறுபாதி பாலாக நிற்கும்.

புது இலை வந்து, வானமும் வெளித்தபின் மேலுரம். வேளாண்மைத் துறை வெள்ளத்துக்குப் பிந்திய பயிருக்குச் சொல்லிவரும் அளவு, ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவோடு 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து வீசுவதாகும். இலை வெளுத்திருந்தால் 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஏக்கருக்குத் தெளிக்கலாம். துத்தநாக சல்பேட்டை டி.ஏ.பி. உரக் கரைசலோடு ஒன்றாக ஊற்றினால் திரிந்து அடியில் படிந்துவிடும், இரண்டும் வீண்; எனவே தனித்தனியாகவே தெளியுங்கள். பச்சை கட்டவில்லையே என்று யூரியாவை இன்னும் கூட்டினால் இலைச்சுருட்டுப் புழுவும் பாக்டீரியா இலைக்கருகலும் சொல்லிவைத்தாற்போல் வரும். கருகல் தென்பட்டால் யூரியாவை நிறுத்திவிட்டு, 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலை வடிகட்டித் தெளிப்பது செலவில்லாத வைத்தியம்.

கதிர் முற்றியபின் மழையில் சாய்ந்த பயிருக்கு வடிகால் ஒன்றே மருந்து. ஈர வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது. பெல்ட் வண்டிக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், உலர்த்தும் களத்துக்கும் தார்ப்பாய்க்கும் ஏற்பாடு இல்லாமல் அறுப்பைத் தொடங்காதீர்கள்.

தேறாவிட்டால் மறுபடி விதைப்பது

மறுவிதைப்பை முடிவு செய்யும் முன் தேதியைப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். நவம்பர் முதல் வாரத்தில் கோ 51, ஆடுதுறை 43, ஆடுதுறை 45 போன்ற 105 முதல் 110 நாள் ரகத்தை விதைத்தால், அணை மூடும்போது பயிர் பூத்துப் பால் பிடிக்கும் நிலைக்கு வந்திருக்கும்; மிச்சமுள்ள மூன்று வாரத்தை வாய்க்காலில் கிடக்கும் தண்ணீரும் ஈரமும் தாங்கும். நவம்பர் கடைசியில் விதைத்தால் பிப்ரவரி நடுவில்தான் கதிர் வரும். அப்போது உங்களுக்குப் போர்செட் இருக்க வேண்டும், அதில் வருவது உப்புத் தண்ணீராக இருக்கக் கூடாது. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இந்த இரண்டும் சேர்ந்து அமைவது அரிது. டிசம்பர் பிறந்துவிட்டால் நெல்லை மறந்துவிடுங்கள் என்பதுதான் என் கணக்கு.

நேரம் இருக்கிறது என்றால், உழுவதற்கு முன் கணக்கெடுப்பு முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். முடியவில்லை, ஆனால் காத்திருக்கவும் முடியவில்லை என்றால், செத்த பயிர் தெரியும்படி ஒரு பட்டையை உழாமல் விட்டு, மனுவில் அதையும் குறிப்பிட்டுவிட்டு மற்றதை உழலாம். விதையை 24 மணி நேரம் ஊறவைத்து, கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிர் மருந்து கலந்து, ஈரச்சாக்கில் கட்டி 24 மணி நேரம் முளைகட்டுங்கள். சேற்றில் நேரடியாக விதைத்தால் ஒரு வாரம், பத்து நாள் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் விதைத்த மூன்று நாளுக்குள் ஒரு கனமழை வந்தால் முளை முழுவதும் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். கார்த்திகை வானத்தை நான் அவ்வளவு நம்புவதில்லை. மேட்டில் நாற்று விட்டு, 20 நாள் நாற்றை நெருக்கமாக நடுவதையே சொல்வேன். மார்கழிப் பனியில் குலைநோய்க்கு வாய்ப்பு அதிகம் என்பதால், இலையில் கண் வடிவப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று வாரத்துக்கு இருமுறையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் கடந்துவிட்டவர்கள் நிலத்தைச் சும்மா போட வேண்டியதில்லை. மழை விட்டதும் மேலோட்டமாக உழுது, தை மாதத்தில் ஈரம் இருக்கும்போதே உளுந்தோ பயறோ விதைக்கலாம். ஏக்கருக்கு 10 கிலோ விதை போதும், ஆடுதுறை 3 உளுந்து நெல் தரிசுக்கென்றே வந்த ரகம். பனி ஈரத்திலேயே வளரும் பயிர் அது. சம்பாவில் போன முதலை அது முழுவதும் திருப்பித் தராது. ஆனால் கூட்டுறவுச் சங்கத்து வட்டிக்கும் அடுத்த குறுவையின் உழவுக் கூலிக்கும் பெரும்பாலும் கைகொடுக்கும். அந்தச் சங்கத்திலோ வங்கியிலோ வாங்கிய பயிர்க்கடனுக்கும் இப்போதே எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுத்து, இயற்கைச் சேதத்தைக் காட்டித் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி கேளுங்கள். கெடு தாண்டி நிலுவை ஆனபின் கேட்டால் அடுத்த போகத்துக்குக் கடன் கிடைப்பதே சிக்கலாகிவிடும்.

தண்ணீர் முழுவதும் வடிந்த வாரத்தில் மோட்டார் கொட்டகைச் சுவரைப் பாருங்கள். வெள்ளம் நின்ற உயரம் சேற்றுக் கோடாகத் தெரியும். அது காய்ந்து உதிர்வதற்குள் அந்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதிவிடுங்கள். எங்கள் கொட்டகையில் அப்படி நான்கு கோடுகள் இருக்கின்றன. நாற்றங்காலை எந்த வயலில் விடுவது என்று ஆவணி மாதத்தில் அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன்.